பரம்பரையலகு வெளிப்பாடும் இரசாயன நச்சை இனங்காணலும்

யப்பானின் தொயாமா மாகாணத்தில், ஜின்சு ஆற்றுநீர் பாய்ந்த வயல்களில் விளைந்த அரிசியை உண்டு வந்த மக்களிடையே கொடிய நோயொன்று காணப்பட்டது. நோயாளரின் சிறுநீரகங்கள் பழுதடைந்தன. எலும்புகள் மென்மையாகி எளிதில் முறிந்தன. வேதனை தாளாது அவர்கள் “இத்தாய், இத்தாய்” (வலிக்கிறது, வலிக்கிறது) எனக் கதறியமையால் அது இத்தாய்-இத்தாய் நோய் எனப்பட்டது. ஆற்றின் மேற்பகுதியிலிருந்த சுரங்கத்திலிருந்து கலந்த கட்மியம் என்னும் உலோகமே இதற்குக் காரணம் என 1968 இல் யப்பானிய அரசு அறிவித்தது. கட்மியம் உடலில் பல ஆண்டுகளாகச் சிறிது சிறிதாகச் சேர்ந்தமையால், நோய் வெளித்தெரிந்தபோது சிறுநீரகங்களைக் காப்பாற்றக் காலம் கடந்துவிட்டிருந்தது.

மனிதர் நோயுறும்வரை காத்திராமல் ஓர் இரசாயனப் பதார்த்தத்தின் தீங்கை முன்கூட்டியே அறிய முடியுமா? கலங்களின் பரம்பரையலகு வெளிப்பாட்டை ஆராய்வது அதற்கான வழிகளுள் ஒன்றாகும். அதனை இங்கு படிமுறையாக நோக்குவோம்.

1. பரம்பரையலகு வெளிப்பாடு என்றால் என்ன?

உங்கள் உடலின் ஈரற் கலத்திலும் தோற் கலத்திலும் இருப்பவை ஒரே பரம்பரையலகுகளே. மனிதனில் புரதங்களை ஆக்குவதற்கான பரம்பரையலகுகள் ஏறத்தாழ 20,000 உள்ளன. எனினும் ஒரு கலம் அவை எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பயன்படுத்துவதில்லை. தேவையானவற்றை மாத்திரம் இயங்கச் செய்கிறது.

ஒரு பரம்பரையலகு இயங்கும்போது அதன் டி.என்.ஏ. இலுள்ள தகவல் தூது ஆர்.என்.ஏ. ஆகப் பிரதி செய்யப்படும். அத்தூது ஆர்.என்.ஏ. கருவிலிருந்து குழியவுருவுக்குச் சென்று, இறைபோசோமில் புரதம் தொகுக்கப்பட வழிகாட்டும். இதுவே பரம்பரையலகு வெளிப்பாடு எனப்படும். எனவே, கலத்திலுள்ள தூது ஆர்.என்.ஏ. இன் அளவை அளந்தால், எப்பரம்பரையலகு எந்தளவுக்கு இயங்குகிறது என்பதை மதிப்பிடலாம்.

2. நச்சு உட்புகும்போது கலத்தில் நிகழ்வது யாது?

நச்சுப் பதார்த்தம் உட்புகுந்தவுடன் கலம் இறந்துவிடுவதில்லை. முதலில் தன்னைக் காத்துக்கொள்ள முயல்கிறது. அதற்குத் தேவையான புரதங்களின் பரம்பரையலகுகள் கூடுதலாக இயங்கத் தொடங்கும். தீங்கின் வகைக்கேற்ப இயங்கும் பரம்பரையலகுகளும் வேறுபடும்.

• கட்மியம் உட்புகுந்தால் மெற்றலோதயோனின் என்னும் சிறிய புரதம் அதிகமாக ஆக்கப்படும். இப்புரதம் உலோக அயன்களைப் பற்றிப் பிடித்து, அவை ஏனைய புரதங்களைத் தாக்காது தடுக்கும். இது 1957 இல் குதிரையின் சிறுநீரகத்திலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது.
• கலத்திலுள்ள புரதங்களின் வடிவம் சிதைந்தால் வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் அதிகரிக்கும். முதலில் வெப்பத்தினால் தூண்டப்படுபவையாக அறியப்பட்டமையால் இப்பெயர் வந்தது. நச்சு உலோகங்களும் இவற்றைத் தூண்டும்.
• டயொக்சின் உட்புகுந்தால் சைற்றோகுரோம் 1ஏ1 என்னும் நொதியத்தின் பரம்பரையலகு மிகையாக இயங்கும்.
• டி.என்.ஏ. சேதமடைந்தால் பி-53 என்னும் புரதத்தின் தூண்டலால் பி-21 என்னும் பரம்பரையலகு இயங்கி, கலப்பிரிவை நிறுத்தும்.

இறந்த கலங்களை எண்ணினால் “பதார்த்தம் கலத்தைக் கொன்றது” என்று மாத்திரமே அறியலாம். பரம்பரையலகு வெளிப்பாட்டை அளந்தால், கலம் இறப்பதற்கு முன்னரே, அது எவ்வகைத் தாக்கத்துக்கு உட்பட்டுள்ளது என்பதையும் அறியலாம். இம்முறையின் சிறப்பு இதுவேயாகும்.

3. பரிசோதனை செய்யப்படும் முறை

படி 1: ஒரே வகையான ஈரற் கலங்களை இரு பாத்திரங்களில் வளர்த்தல்.
படி 2: ஒன்றுக்கு மாத்திரம் பரிசோதிக்கப்படும் பதார்த்தத்தைச் சேர்த்தல். மற்றையது கட்டுப்பாடு ஆகும். வெப்பநிலை, நேரம், வளர்ப்பூடகம் என்பன இரண்டிலும் சமமாக இருத்தல் வேண்டும்.
படி 3: குறித்த நேரத்தின் பின் இரண்டிலுமிருந்து ஆர்.என்.ஏ. ஐப் பிரித்தெடுத்தல்.
படி 4: ஆர்.என்.ஏ. எளிதில் சிதைவதால், நொதியமொன்றின் உதவியுடன் அதனை டி.என்.ஏ. பிரதிகளாக மாற்றுதல். கட்டுப்பாட்டின் பிரதிகளுக்குப் பச்சைச் சாயமும், மற்றையதன் பிரதிகளுக்குச் சிவப்புச் சாயமும் இடப்படும்.
படி 5: இரண்டையும் கலந்து, பல்லாயிரம் பரம்பரையலகுகளின் துண்டுகள் புள்ளிகளாகப் பதிக்கப்பட்ட கண்ணாடித் தகட்டின் மீது ஊற்றுதல். ஒவ்வொரு பிரதியும் தனக்குப் பொருந்தும் புள்ளியில் ஒட்டிக்கொள்ளும்.

சிவப்பாக ஒளிரும் புள்ளி வெளிப்பாடு கூடிய பரம்பரையலகையும், பச்சையாக ஒளிரும் புள்ளி வெளிப்பாடு குறைந்த பரம்பரையலகையும் குறிக்கும். மஞ்சள் நிறம் மாற்றமில்லை என்பதைக் காட்டும். இத்தகைய தகட்டைப் பயன்படுத்திய முதல் ஆய்வுகளுள் ஒன்று 1995 இல் ஐக்கிய அமெரிக்காவின் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியானது. இப்போது ஆர்.என்.ஏ. தொடரொழுங்கை நேரடியாக வாசித்து எண்ணும் முறையே பெரும்பாலும் பயன்படுகிறது. எனினும் கட்டுப்பாட்டுடன் ஒப்பிடுதல் என்னும் அடிப்படை மாறவில்லை.

4. முடிவு கூறும்போது கவனிக்க வேண்டியவை

(அ) ஒரு பரம்பரையலகை மாத்திரம் கொண்டு முடிவு கூறலாகாது. உடலுக்கு அவசியமான நாகமும் மெற்றலோதயோனினை அதிகரிக்கச் செய்யும். ஆகையால் பல பரம்பரையலகுகளின் மாற்றக் கோலத்தை ஒருங்கே நோக்க வேண்டும். அறியப்பட்ட நச்சுகளின் கோலங்களுடன் அதனை ஒப்பிடலாம்.
(ஆ) வெளிப்பாடு மாறுவது எப்போதும் தீங்கல்ல. அது கலம் வெற்றிகரமாகத் தன்னைக் காத்துக்கொள்வதன் அடையாளமாகவும் இருக்கலாம்.
(இ) செறிவும் நேரமும் முக்கியமானவை. எனவே பல செறிவுகளிலும் பல நேரங்களிலும் பரிசோதிக்க வேண்டும்.
(ஈ) பாத்திரத்தில் வளரும் கலம் முழு உடலன்று. பதார்த்தம் உடலில் அகத்துறிஞ்சப்படுவதும் கழிக்கப்படுவதும் இப்பரிசோதனையில் தெரியமாட்டா.

5. மாதிரி வினா

பதார்த்தம் ‘க’ சேர்க்கப்பட்ட கலங்களில் பெறப்பட்ட தூது ஆர்.என்.ஏ. அளவுகள் கீழே தரப்பட்டுள்ளன. (எண்கள் பயிற்சிக்காக அமைக்கப்பட்டவை.)

மெற்றலோதயோனின்: கட்டுப்பாடு 50, ‘க’ சேர்த்தது 600
வெப்ப அதிர்ச்சிப் புரதம்: கட்டுப்பாடு 40, ‘க’ சேர்த்தது 200
சைற்றோகுரோம் 1ஏ1: கட்டுப்பாடு 20, ‘க’ சேர்த்தது 20

(i) ஒவ்வொன்றும் எத்தனை மடங்காகியுள்ளது?
(ii) ‘க’ எவ்வகைப் பதார்த்தமாக இருக்கலாம்? காரணம் தருக.
(iii) உமது முடிவை உறுதிப்படுத்த மேலும் செய்ய வேண்டியவை இரண்டு தருக.

விடை:
(i) முறையே 12 மடங்கு, 5 மடங்கு, 1 மடங்கு (மாற்றமில்லை).
(ii) கட்மியம் போன்ற நச்சு உலோகமாக இருக்கலாம். உலோகத்தைப் பற்றும் புரதமும், புரதச் சிதைவைக் காட்டும் வெப்ப அதிர்ச்சிப் புரதமும் சேர்ந்தே உயர்ந்துள்ளன. சைற்றோகுரோம் 1ஏ1 மாறாமையால் டயொக்சின் வகையாக இருப்பதற்கான வாய்ப்புக் குறைவு.
(iii) வேறு செறிவுகளில் பரிசோதனையை மீண்டும் செய்தல். உயிருள்ள கலங்களின் எண்ணிக்கையைக் கட்டுப்பாட்டுடன் ஒப்பிடல்.

குறிப்பு: பகுதி (ii) இற்கு விடையளிக்கையில் “நச்சு ஆகும்” என அறுதியாக எழுதாது “இருக்கலாம்” என எழுதுக. தரவுகள் அனுமதிக்கும் அளவுக்கு மாத்திரம் முடிவு கூறுவதே விஞ்ஞான முறையாகும். மாற்றமடையாத மூன்றாவது பரம்பரையலகும் விடைக்கு உதவியமையை மறவாதீர்கள்.