அருளால், விசுவாசத்தின் வழியாக: கிறித்தவ மீட்புக் கோட்பாட்டில் வேற்றுமைப் பொருள்

கிறித்தவ சமயத்தின் மீட்புக் கோட்பாட்டைச் சுருங்கக் கூறுவார், மாந்தர் இறைவனது அருளால், விசுவாசத்தின் வழியாக மீட்படைகின்றனர் என்பர். புதிய ஏற்பாட்டில் பவுலின் பெயரால் வழங்கும் எபேசியர் திருமுகத்தின் இரண்டாம் இயலில் இக்கருத்து இடம்பெறுகின்றது. சொற்கள் சிலவே; எனினும் அவை பற்றி எழுந்த வாதங்கள் பல. மேலை நாட்டுத் திருச்சபை பதினாறாம் நூற்றாண்டில் பிளவுண்டதற்குரிய காரணங்களுள் இவ்வாதம் தலையாயது. அருள், விசுவாசம் என்னும் இரண்டனுள் மீட்பைச் செய்வது யாது, அதனைப் பெறுவதற்குத் துணையாவது யாது என்பதே வினா. இது வேற்றுமைப் பொருள் பற்றிய வினாவுமாம். ஆகலின் இலக்கண நூலார் வகுத்த நெறி இதனைத் தெளிதற்குப் பெரிதும் பயன்படும் எனக் கருதி, அந்நெறி நின்று இதனை ஆராயப் புகுகின்றோம்.

சொற்பொருள்

அருள் என நாம் கூறுவதற்குப் புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்திலுள்ள சொல் 'காரிஸ்' என்பதாகும். இது முதற்கண் சமயச் சொல் அன்று. கவின், தயவு, கொடை, கொடைக்கு மறுமொழியாகிய நன்றி ஆகிய அனைத்தையும் அக்காலக் கிரேக்கர் இவ்வொரு சொல்லாற் குறித்தனர். கொடையும் நன்றியும் ஒரு சொல்லில் அடங்கியமை கருதற்குரியது. பண்டை உரோமானிய உலகில் கொடுப்போர் தகுதியுடையாரைத் தேர்ந்து கொடுத்தலே அறிவுடைமை எனப்பட்டது. பவுலோ தகுதியில்லார்க்கு வழங்கப்பட்ட கொடையாகவே இறைவனது காரிசைப் பேசுகின்றார். பவுலின் கோட்பாட்டில் அருளின் தனித்தன்மை இதுவே என ஜான் பார்க்கிளே என்னும் அறிஞர் 2015இல் வெளியிட்ட தம் நூலில் விரிவாக நிறுவியுள்ளார்.

விசுவாசம் என்பதற்குரிய கிரேக்கச் சொல் 'பிஸ்திஸ்'. ஒருவரை நம்புதலும், நம்பத்தக்கவராய் உறுதி பிறழாது நிற்றலும் ஆகிய இரு பொருளும் அதற்கு உண்டு. இதன் பின்னே நிற்கும் எபிரேயச் சொல்லாகிய 'எமூனா' என்பதும் உறுதிப்பாட்டையே அடிப்படைப் பொருளாக உடையது. ஆதலின் விசுவாசம் என்பது சில கூற்றுக்களை மெய்யென அறிவினால் ஒப்புக்கொள்ளுதல் மட்டுமன்று. ஒருவர்மேல் தன் முழுப்பாரத்தையும் சாய்த்தலாம்.

கூலியும் கொடையும்

பவுல் கி.பி. 57ஆம் ஆண்டளவில் உரோமைத் திருச்சபைக்கு எழுதிய திருமுகத்தின் நான்காம் இயலில் ஓர் உவமை வாயிலாக இதனை விளக்குகின்றார். வேலை செய்தவன் பெறுவது கூலி. அது கொடுப்பவன்மேல் நின்ற கடனேயன்றிக் கொடையாகாது. ஆபிரகாம் இறைவனிடத்துப் பெற்றது கூலி அன்று. அவன் இறைவன் சொல்லை நம்பினான். அந்நம்பிக்கை அவனுக்கு நீதியாக எண்ணப்பட்டது எனத் தொடக்க நூலின் பதினைந்தாம் இயல் கூறுகின்றது. விருத்தசேதனக் கட்டளை வருவதோ பதினேழாம் இயலில். முன்னது முந்தியும் பின்னது பிந்தியும் நிற்றலின், அச்சடங்கு நீதிக்குக் காரணமாதல் இயலாது என்பது பவுலின் வாதம். யூதரல்லாதாரும் ஆபிரகாமின் மக்களாகலாம் என்பது இதனாற் பெறப்படும் முடிபு.

இங்கு ஒரு திரிபுணர்ச்சியை விலக்குதல் வேண்டும். யூத சமயம் வினைகளால் மீட்பை விலைக்கு வாங்கும் சமயம் எனக் கிறித்தவ எழுத்தாளர் பலர் நெடுங்காலம் எழுதிவந்தனர். ஈ. பி. சாண்டர்ஸ் 1977இல் வெளியிட்ட ஆராய்ச்சி நூல் இக்கருத்தை அசைத்தது. யூதர் இறைவனது தெரிவினாலேயே உடன்படிக்கைக்குள் வந்தவராகத் தம்மைக் கருதினர் என்றும், சட்டத்தைக் கைக்கொள்ளுதல் அவ்வுடன்படிக்கையில் நிலைத்திருத்தற்குரியதே என்றும் அவர் மூலநூல்களைக் கொண்டு காட்டினார். எனவே பவுலின் வாதத்தை அருளை அறியாத ஒரு சமயத்தின்மேல் தொடுத்த வாதமாகக் கொள்ளுதல் பொருந்தாது. அருள் யாவரிடத்து, எந்த அளவையும் நோக்காது செல்லும் என்பதே அங்கு வழக்காயிற்று.

வினைமுதலும் கருவியும்

இனி வேற்றுமைப் பொருளுக்கு வருவோம். மூன்றாம் வேற்றுமைக்கு வினைமுதல், கருவி ஆகிய இரண்டையும் பொருளாகத் தொல்காப்பியர் ஓதினார். நன்னூலாரும் கருவி, கருத்தா, உடனிகழ்வு என வகுத்தார். குயவனால் குடம் வனையப்பட்டது என்புழி 'ஆல்' உருபு வினைமுதலைக் குறிக்கும். திரிகையால் குடம் வனையப்பட்டது என்புழி அவ்வுருபே கருவியைக் குறிக்கும். உருபு ஒன்றாயினும் பொருள் வேறு. இவ்வேறுபாட்டை மறந்து, குடத்தை வனைந்தது திரிகை என்பார் உளராயின் அவர் குயவனை மறந்தவராவர்.

எபேசியர் திருமுகத்தின் கிரேக்கத் தொடரில் இம்மயக்கத்திற்கு இடம் குறைவு. அருள் என்னும் சொல் ஒரு வேற்றுமை வடிவிலும், விசுவாசம் என்னும் சொல் 'வழியாக' எனப் பொருள்படும் முன்னிடைச்சொல்லோடும் நிற்கின்றன. மீட்பவன் இறைவன், அவன் மீட்டற்கு ஏது அவனது அருள், விசுவாசம் பெறும் வாயில். தமிழில் அருளால், விசுவாசத்தால் என இரண்டிற்கும் ஓருருபே கொடுப்பின், இரண்டும் ஒரு நிலையின எனக் கற்பார் மயங்குதல் கூடும்.

இவ்விடத்தே மற்றொரு நுட்பமும் உண்டு. அத்தொடரை அடுத்து, இது மக்களிடமிருந்து வந்ததன்று, இறைவனது கொடை என்னும் கருத்து வருகின்றது. 'இது' என்னும் சுட்டு எதனைச் சுட்டும்? கிரேக்கத்தில் அருள், விசுவாசம் ஆகிய இருசொல்லும் பெண்பால், சுட்டுச்சொல்லோ அலிப்பால். ஆதலின் அது தனியொரு சொல்லைச் சுட்டாது, மீட்கப்பட்ட நிகழ்ச்சி முழுவதையும் சுட்டுகின்றது எனக் கொள்வார் பலர். தமிழில் இரண்டும் அஃறிணை ஒருமையேயாகலின் இந்நுட்பம் சொல்வடிவில் புலப்படாது. உரையாலேயே உணர்த்துதல் வேண்டும்.

கருவி என விசுவாசத்தைக் கூறும்போதும் ஒரு வரையறை வேண்டும். திரிகை தன் சுழற்சியால் குடத்திற்கு வடிவு தருகின்றது. விசுவாசமோ மீட்பிற்கு ஒன்றும் கூட்டுவதில்லை. ஆகலின் கால்வின் அதனை வெறுங்கலத்திற்கு ஒப்பிட்டார். கலம் வெறிதாயிருத்தலே அது ஏற்பதற்குத் தகுதி. இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. விசுவாசத்தையே வினைமுதலாகக் கொள்வானாயின், ஒருவன் தன் விசுவாசத்தின் அளவைத் தானே நாளும் நிறுத்துப் பார்க்கும் நிலைக்கு ஆளாவான். அது மிக்கதெனக் கண்டால் செருக்கும், குறைந்ததெனக் கண்டால் அச்சமும் அவனைப் பற்றும். வினையை விலக்கிய கோட்பாட்டினுள் விசுவாசமே ஒரு வினையாய்ப் புகுந்துவிடும்.

வாதங்களின் வரலாறு

பெலாகியுஸ் என்பார் நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்தவர். இறைவன் கட்டளையிட்டானாயின் அதனைச் செய்தற்குரிய ஆற்றலும் மக்கட்கு இருத்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. ஒழுக்கத்தில் தளர்ந்தாரை எழுப்பவே அவர் இவ்வாறு கூறினார். அகுஸ்தீன் (354–430) இதனை மறுத்தார். மனித உளமே நோயுற்றிருத்தலின், நன்மையை விரும்புதற்கும் அருள் முற்பட வேண்டும் என்பது அவர் துணிபு. 418இல் கார்த்தேஜில் கூடிய சங்கம் பெலாகியுசின் கொள்கையை விலக்கியது.

மார்ட்டின் லூதர் (1483–1546) துறவியாய்க் கடுநோன்பு ஆற்றியும் மனஅமைதி பெறாதவர். உரோமைத் திருமுகத்தின் முதல் இயலில் வரும் 'இறைவனது நீதி' என்னும் தொடர் தம்மை அச்சுறுத்தியதாகவும், அது தண்டிக்கும் நீதியன்று, இறைவன் கொடுக்க மாந்தர் பெறும் நீதி என உணர்ந்தபோது தமக்கு வழி திறந்ததாகவும் 1545இல் எழுதிய முன்னுரையில் அவர் குறித்துள்ளார். ஆறாம் வேற்றுமைத் தொடர் ஒன்றன் பொருள்கோள் ஒரு மனிதனின் உயிர்நிலை வினாவாயிற்று.

லூதர் 1522இல் வெளியிட்ட செருமானிய மொழிபெயர்ப்பில், உரோமைத் திருமுகத்தின் மூன்றாம் இயலில், மூலத்தில் இல்லாத 'மட்டும்' எனப் பொருள்படும் சொல்லொன்றைச் சேர்த்தார். அதனைப் பலர் பழித்தனர். ஒன்றை விலக்கி மற்றொன்றை நிறுவுங்கால் அச்சொல்லைப் பெய்தல் செருமானிய மொழியின் வழக்கு என 1530இல் அவர் விடையளித்தார். தமிழிலாயின் தனிச்சொல் வேண்டுவதின்று; பிரிநிலை ஏகாரம் ஒன்றே அமையும். ஓரெழுத்து அத்துணைப் பெரிய வழக்கைத் தாங்கும் என்பது மொழிபெயர்ப்பார் நினைவிற் கொள்ளத்தக்கது.

திரெந்து சங்கம் 1547 சனவரியில் இப்பொருள் பற்றித் தன் முடிபை வெளியிட்டது. அருளின்றித் தன் வினையால் ஒருவன் நீதிமானாதல் இயலாது என அச்சங்கமும் வலியுறுத்தியது. ஆயினும் அருளால் எழுப்பப்பட்ட மனித உளம் அவ்வருளோடு ஒத்துழைத்தல் உண்டு என்றும், விசுவாசம் மீட்பின் தொடக்கமும் வேரும் ஆயினும் அன்போடு கூடினாலன்றி நிறைவுறாது என்றும் கூறியது. எனவே இருதிறத்தாரும் அருளை மறுத்தவரல்லர். நீதிமானாக அறிவிக்கப்படுதலா, நீதிமானாக ஆக்கப்படுதலா என்பதிலேயே வேற்றுமை முனைப்புற்றது.

காரக ஏதுவும் ஞாபக ஏதுவும்

யாக்கோபின் திருமுகம் வினையற்ற விசுவாசம் செத்தது என்கின்றது. பசித்து வந்தவனுக்கு உணவிடாது வாழ்த்து மட்டும் கூறி அனுப்புதலால் யாது பயன் என அஃது வினவுகின்றது. இது பவுலுக்கு மாறாகத் தோன்றலின் லூதர் 1522இல் இத்திருமுகத்தை வைக்கோலுக்கு ஒப்பிட்டார். இம்முரணைத் தீர்க்கத் தண்டியலங்காரம் ஏதுவணியை வகுத்த முறை நமக்கு உதவும். ஏது, காரக ஏது எனவும் ஞாபக ஏது எனவும் இருவகைப்படும். ஒன்றை உண்டாக்குவது முன்னையது. உள்ளதை அறிவிப்பது பின்னையது. விறகினால் தீ உண்டாதல் காரகம். புகையால் தீ உண்மை அறியப்படுதல் ஞாபகம். பவுல் விலக்குவது வினை மீட்பிற்குக் காரக ஏது என்னும் கொள்கையை. யாக்கோபு வேண்டுவது வினை விசுவாசத்திற்கு ஞாபக ஏதுவாதலை. லூதரும் உரோமைத் திருமுகத்திற்கு எழுதிய முன்னுரையில், தீயினின்று ஒளியையும் வெம்மையையும் பிரிக்கவொண்ணாதவாறு போல விசுவாசத்தினின்று நற்செயலைப் பிரிக்கவொண்ணாது என்றே கூறியுள்ளார்.

தமிழ்ச் சொற்கள்

தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த சீகன்பால்கு லூதரன் மரபினர். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1714–15இல் அங்கே அச்சாயிற்று. பின்னர் 1871இல் வெளிவந்த ஐக்கிய மொழிபெயர்ப்பில் கிருபை, விசுவாசம், இரட்சிப்பு என்னும் சொற்கள் நிலைபெற்றன. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் அருள், நம்பிக்கை, மீட்பு என்னும் சொற்களை ஆள்கின்றது. இம்மாற்றத்தால் ஆவதும் உண்டு, இழப்பதும் உண்டு.

அருள் என்னும் சொல் மிகப் பொருத்தமானதே. அன்பு தொடர்புடையார்மேற் செல்வது. அருள் தொடர்பு நோக்காது எவ்வுயிர்மேலும் செல்வது எனப் பரிமேலழகர் கண்ட வேறுபாடு, தகுதி நோக்காக் கொடை என்னும் பவுலின் கருத்திற்கு அணித்தாகும். நம்பிக்கை என்பதிலோ ஓர் இடர்ப்பாடு உளது. ஐக்கிய மொழிபெயர்ப்பில் நம்பிக்கை என்பது வருவதை எதிர்நோக்குதலைக் குறிக்கும். திருவிவிலியத்தில் அதே சொல் விசுவாசத்தைக் குறிக்க, முன்னையதற்கு எதிர்நோக்கு என்னும் சொல் ஆளப்படுகின்றது. இரு நூலையும் ஒப்பிடுவார் இதனை மறத்தலாகாது. விசுவாசம் என்னும் சொல், நம்புதல், உண்மை பிறழாமை ஆகிய இரண்டையும் உலக வழக்கில் உணர்த்துதலின், பிஸ்திஸ் என்பதன் இருபொருளையும் தாங்கவல்லது.

இவ்விருபொருள் ஒரு புதிய வாதத்திற்கும் வித்தாயிற்று. பவுலின் திருமுகங்களில் 'கிறிஸ்துவின் விசுவாசம்' எனச் சொல்லுக்குச் சொல் பெயர்க்கத்தக்க தொடர் வருகின்றது. அது கிறிஸ்துவினிடத்து மாந்தர் வைக்கும் விசுவாசமா, கிறிஸ்து தாமே காட்டிய உறுதிப்பாடா? ரிச்சர்டு ஹேஸ் 1983இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் பின்னையதே பொருள் என வாதித்தார். அறிஞர் இன்னும் ஒருமுடிபு எய்தவில்லை. 'புலிகொல் யானை' என்புழிக் கொன்றது எது, கொல்லப்பட்டது எது என்னும் ஐயம் எழுமாறு உரையாசிரியர் காட்டியமை ஈண்டு நினையத்தக்கது. பின்னைய பொருளே கொள்ளப்படின், மாந்தரின் விசுவாசத்திற்கும் முன்னே கிறிஸ்துவின் உறுதி நிற்கின்றது என்பது பெறப்படும்.

சொல் ஒன்றாதல் கொண்டு கோட்பாடு ஒன்றென முடிபு செய்தல் ஆகாது என்பதும் கூறற்பாற்று. குரங்கின் குட்டி தாயைப் பற்றுதலும், பூனை தன் குட்டியைக் கவ்விச் செல்லுதலும் பற்றி வைணவ ஆசாரியர் நிகழ்த்திய வாதம் அகுஸ்தீன் கால வாதத்தை நினைவூட்டுகின்றது. சைவ சித்தாந்தத்தில் திருவருள் மலபரிபாகத்தோடு இயைத்துப் பேசப்படுகின்றது. கிறித்தவக் கோட்பாடோ கிறிஸ்துவின் சிலுவைச் சாவு, உயிர்ப்பு என்னும் வரலாற்று நிகழ்ச்சிகளில் அருளைக் காண்கின்றது. ஒப்புமையைக் காண்பார் இவ்வேற்றுமைகளையும் உடன்காணுதல் வேண்டும்.

முடிபுரை

பிளவிற்குக் காரணமாயிருந்த இக்கோட்பாடு பற்றி லூதரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் 1999 அக்டோபர் 31ஆம் நாள் அவுக்ஸ்பர்க் நகரில் ஒரு கூட்டறிக்கையில் கையொப்பமிட்டன. மாந்தர் தம் தகுதியாலன்றி அருளாலேயே, கிறிஸ்துவின்மேல் கொண்ட விசுவாசத்தில் ஏற்றுக்கொள்ளப்படுகின்றனர் என இருதிறத்தாரும் ஒருங்கே அறிக்கையிட்டனர். 2006இல் மெதடிஸ்டு திருச்சபைகளும், 2017இல் சீர்திருத்தத் திருச்சபைகளின் உலகக் கூட்டுறவும் அதனுடன் இசைந்தன. எஞ்சிய வேறுபாடுகளும் அவ்வறிக்கையில் மறைக்கப்படவில்லை.

இதுகாறும் கூறியவாற்றால், இக்கோட்பாட்டில் மீட்பின் வினைமுதல் இறைவன் என்பதும், ஏது அவன் அருள் என்பதும், விசுவாசம் அதனை ஏற்கும் வெறுங்கலம் என்பதும், நற்செயல் அவ்விசுவாசத்தை அறிவிக்கும் ஞாபக ஏது என்பதும் பெறப்பட்டன. இந்நான்கனுள் ஒன்றை மற்றொன்றன் இடத்தில் வைப்பின் கோட்பாடு முழுவதும் திரியும். விவிலியத் தமிழை ஆராயப் புகும் மாணவர், சொற்களின் வரலாற்றோடு உருபுகளின் பொருளையும் ஒருங்கு நோக்குவாராயின், நம் இலக்கண மரபு இன்னும் பல மயக்கங்களைத் தெளிவிக்க வல்லதாதலைக் காண்பர்.