வேல்சு நிலக்கரிப் புகையிரதமும் அதன் மாதிரியமைப்பும்

தென் வேல்சின் நிலக்கரிப் போக்குவரத்தை மாதிரிப் புகையிரத அமைப்பாக ஆக்க முனைவோர் முதலிற் கருதவேண்டியது இயந்திரத்தின் நிறமன்று. சரக்குச் சென்ற திசையேயாகும். சுரங்கங்கள் மலையிடைப் பள்ளத்தாக்குகளில் அமைந்தன; துறைமுகங்களோ கடற்கரையில் இருந்தன. மேர்தர் நகரையும் கார்டிவையும் 1841 இல் முழுமையாக இணைத்த டாவ் வேல் புகையிரதப் பாதை இதற்குத் தக்க சான்றாகும். நிறைபெட்டிகள் சரிவில் இறங்கின. வெறும் பெட்டிகள் மேலேறின. 1913 இல் ஏறத்தாழ 570 இலட்சம் தொன் நிலக்கரியை அகழ்ந்த அப்பிரதேசத்தின் இயக்கவிதி இதுவே.

4 மில்லிமீற்றர் ஓர் அடியைக் குறிக்கும் பிரித்தானிய அளவுத்திட்டத்தில் ஒரு மைல் ஏறத்தாழ 70 அடி நீளமாகும். எனவே தூரத்தைச் சுருக்காது அமைப்பியற்றல் இயலாது. ஆயின் திசையை மாற்றுதல் வரலாற்றையே திரிப்பதாகும். நிறைவண்டியை முன்னும் பின்னும் ஓட்டின், நிலக்கரி சுரங்கத்துக்கே மீள்வதாகத் தோன்றும்.

இக்குறையை நீக்க ஒரு வழியுண்டு. சுரங்கக் கட்டடத்தையும் துறைமுகத்தையும் காட்சிக்குப் பின்னால் மறைவாக இணைத்து, இரு தனித்தனி வளையத் தடங்கள் இடப்படும். முதல் தடத்தில் நிறைபெட்டிகள் சுரங்கத்திலிருந்து வெளிப்பட்டுத் துறைமுகத்துள் மறையும். மற்றையதில் வெறும் பெட்டிகள் துறைமுகத்திலிருந்து புறப்பட்டுச் சுரங்கத்துட் புகும். ஏற்றலும் இறக்கலும் மறைவில் நிகழ்ந்தனவென்றே காண்போர் கொள்வர்.

மேர்தரை அடுத்திருந்த ஃபோஸ்-அ-வ்ரான் திறந்தவெளிச் சுரங்கமும் 2023 இல் மூடப்பட்டது. அப்பள்ளத்தாக்குகளின் உழைப்பு எத்திசை நோக்கிச் சென்றதென்பதை இனிவருவோர்க்கு உணர்த்த இத்தகைய அமைப்புகள் உதவும். அதனாலேயே அவை விளையாட்டுப் பொருளென ஒதுக்கத்தக்கனவல்ல.