கூடுவாஞ்சேரி: 40 கிலோமீட்டருக்கு 10 ரூபாய், 3 கிலோமீட்டருக்கு 40 ரூபாய்

கூடுவாஞ்சேரியிலிருந்து சென்னைக் கடற்கரைக்கு மின்சார ரயிலில் இரண்டாம் வகுப்புக் கட்டணம் 10 ரூபாய். தூரம் சுமார் 40 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு 25 காசு விழுகிறது. அதே நிலையத்தில் இறங்கி, 3 கிலோமீட்டர் உள்ளே இருக்கும் ஒரு நகருக்கு ஆட்டோ பிடித்தால் என்ன ஆகும்? சென்னை ஆட்டோக்களுக்கு 2013இல் நிர்ணயித்த மீட்டர் கட்டணம், முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். அதன்படி பார்த்தாலே 39 ரூபாய் 40 காசு. கிலோமீட்டருக்கு 13 ரூபாய், அதாவது ரயிலைப் போல் 50 மடங்குக்கு மேல். நிலைய வாசலில் நிற்கும் ஆட்டோவில் நடைமுறையில் கேட்பது இதைவிடக் கூடுதல்.

புறநகரில் வீடு பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது, சென்னையிலிருந்து எவ்வளவு தூரம் என்பதைத்தான். நான் போட்ட கணக்குகளில் எல்லாம் குடும்பத்தின் காசையும் நேரத்தையும் தின்றது அந்த 40 கிலோமீட்டர் மட்டுமல்ல. தண்டவாளம் முடிந்த இடத்திலிருந்து வீட்டு வாசல் வரை உள்ள 3 கிலோமீட்டருக்கும் அதில் பெரிய பங்கு உண்டு.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். இது கணக்குக்காக வைத்துக்கொண்ட குடும்பம். ஆனால் இந்தத் தடத்தில் காலை வண்டிக்கு நிற்கும் பலருக்கும் பொருந்தும். நான்கு பேர். கணவருக்குக் கோட்டைப் பக்கம் அலுவலகம். மனைவிக்குத் தியாகராய நகரில் துணிக்கடை வேலை. மாம்பலத்தில் இறங்க வேண்டும். மாதம் 25 வேலை நாள்.

புறநகர் ரயிலில் 20 கிலோமீட்டர் வரை 5 ரூபாய், 45 வரை 10, 70 வரை 15. இருவருக்கும் போக 10, வர 10. ஆளுக்கு மாதம் 500 ரூபாய். சீசன் எடுத்தால் இன்னும் குறையும். மூன்று மாத சீசனுக்கு 2.7 மாதக் காசுதான். 1931இல் பீச்சுக்கும் தாம்பரத்துக்கும் இடையே மீட்டர் கேஜில் மின்சார வண்டி ஓடத் தொடங்கியது. அன்று முதல் தென்சென்னையின் புறநகர்களை வளர்த்தது இந்தத் தடம்தான். குறைந்த சம்பளக்காரருக்கு இந்த நகரம் தந்த பெரிய உதவி இது என்று நான் நினைக்கிறேன். 2025 ஏப்ரலில் வந்த ஏ.சி. வண்டியில் குறைந்தபட்சக் கட்டணமே 35 ரூபாய், அதாவது 7 மடங்கு. நம் குடும்பம் அதில் ஏறாது.

கணவர் பைக்கில் நிலையத்துக்கு வருகிறார். ஒரு நாளைக்கு 6 கிலோமீட்டர், மாதம் 150. லிட்டருக்கு 45 கிலோமீட்டர், பெட்ரோல் 101 ரூபாய் என்று வைத்தால் 337 ரூபாய். வண்டி நிறுத்த ஒரு நாளுக்கு 20 ரூபாய் என்றால் 500. ஆக 837. நாளெல்லாம் பைக்கை நிறுத்தி வைக்கிற காசும், நாள்தோறும் 80 கிலோமீட்டர் ரயிலில் போய்வருகிற காசும் ஒன்றாகிவிட்டன. மனைவி புறப்படும் நேரமும் திரும்பும் நேரமும் வேறு. ஷேர் ஆட்டோவில் 15 ரூபாய் வீதம் மாதம் 750. 3 கிலோமீட்டருக்கு இருவருக்குமாக 1,587 ரூபாய், ரயிலுக்கு 1,000.

காசைவிட நேரக் கணக்கு கடுமையானது. கணவருக்கு வீட்டிலிருந்து நிலையம் 15 நிமிடம், காத்திருப்பு 10, வண்டியில் 75, இறங்கி அலுவலகம் 20. ஒரு பக்கம் 2 மணி நேரம், ஒரு நாளைக்கு 4, மாதத்துக்கு 100, ஆண்டுக்கு 1,200 மணி நேரம். முழு நாட்களாகச் சொன்னால் 50 நாள். எட்டு மணி நேர வேலை நாட்களாகச் சொன்னால் 150 நாள். இந்தக் கணக்கும் வண்டி ஒழுங்காகக் கிடைத்த நாளுக்குத்தான். பல வண்டிகள் தாம்பரத்தோடு நின்றுவிடும். செங்கல்பட்டு வண்டியை ஒரு நிமிடத்தில் தவறவிட்டால் அடுத்ததற்கு அரை மணி கூட நிற்க நேரும்.

மனைவிக்கு ஒரு பக்கம் ஒன்றரை மணி நேரம், மாதம் 75 மணி. கடையில் நாளெல்லாம் நிற்கிறார். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழகம் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. அது வந்ததில் எனக்கு மகிழ்ச்சி. வீடு திரும்பும் ரயிலிலும் அவருக்குப் பெரும்பாலும் நிற்கத்தான் இடம் கிடைக்கிறது. இருவரும் சேர்ந்து மாதம் 175 மணி நேரம் வழியில் இருக்கிறார்கள்.

அப்படியென்றால் ஏன் இங்கே இருக்கிறார்கள்? வாடகை. இதே அளவு வீட்டுக்கு நகருக்குள் மாதம் 10,000 ரூபாய் கூடுதல் என்று வைப்போம். அந்த மிச்சத்திலிருந்து ரயில் 1,000, நிலையத்துக்கு வந்து போக 1,587, பிறகு சொல்லப்போகும் லாரித் தண்ணீர் 750 ஆகியவற்றைக் கழித்தால் மிஞ்சுவது 6,663. அதை 175ஆல் வகுத்தால் மணிக்கு 38 ரூபாய். கணவர் மட்டும் வேலைக்குப் போகும் வீட்டில் இதே கணக்கு மணிக்கு 79 ரூபாய் வரும். மனைவியும் வேலைக்குப் புறப்பட்டதும் புறநகர் மணிக்குத் தரும் மிச்சம் பாதிக்கும் கீழே போய்விடுகிறது. வீட்டுக் கடன் ஆலோசனையில் எவரும் இந்த எண்ணைச் சொல்வதில்லை.

இனி தண்ணீர். நகரங்களின் குடிநீர்த் திட்டங்களுக்கு மத்திய அரசின் வழிகாட்டு அளவு, பாதாளச் சாக்கடை உள்ள ஊரில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர்; இல்லாத ஊரில் 70. 135 என்று எடுத்தால் நான்கு பேருக்கு 540 லிட்டர், மாதம் 16,200. போர் தண்ணீர் கைவிடும் மூன்று கோடை மாதங்களில் மாதம் இரண்டு லாரி, லாரிக்கு 12,000 லிட்டர், விலை 1,500 என்றால் 9,000 ரூபாய். ஆண்டு முழுக்கப் பரப்பினால் மாதம் 750. குடிக்கவும் சமைக்கவும் தினம் ஒரு கேன், 35 ரூபாய் வீதம் மாதம் 1,050. இருவரின் ரயில் செலவைவிட இது அதிகம். நகரத்தாரும் கேன் வாங்குகிறார்கள் என்பதால் மேலே உள்ள வாடகைக் கணக்கில் இதைச் சேர்க்கவில்லை.

மழையைப் பாருங்கள். 2015 டிசம்பர் 1ஆம் தேதிப் பெருமழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பதிவானது. ஒரு கிரவுண்ட், அதாவது 2,400 சதுர அடி, சுமார் 223 சதுர மீட்டர். அதன்மேல் அன்று விழுந்த நீர் 1,09,000 லிட்டர்: ஒன்பது லாரி. மே மாதத்தில் லாரிக்கு 1,500 ரூபாய் கொடுத்து வாங்குகிற தண்ணீர்தான் அன்று முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் மாடிவரை ஏறி நின்றது. அடையாறு தொடங்கும் ஆதனூர் ஏரிப் பக்கமெல்லாம் மனைகள் வந்துவிட்ட பிறகு, அந்த நீர் தங்க இடம் இல்லை.

சென்னைப் பகுதியின் ஆண்டு மழை சராசரி 1,400 மில்லிமீட்டர். அரை கிரவுண்டில் மட்டும் ஆண்டுக்கு 1,56,000 லிட்டர் விழுகிறது; நம் குடும்பத்தின் ஆண்டுத் தேவையான 1,97,100 லிட்டரில் ஐந்தில் நான்கு பங்கு. பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுவதால் முழுவதையும் பிடிக்க முடியாது. ஆனாலும் 2003இல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர்த் தொட்டி, வரைபடத்தில் ஓரிடமாக இல்லாமல் மண்ணில் ஒழுங்காக இருந்தால், அந்த 9,000 ரூபாயில் ஒரு பகுதியாவது மிஞ்சும் என்று உறுதியாக நம்புகிறேன்.

சொந்த வீடு வாங்குகிறவருக்கு இன்னொரு வரி. 2023 ஏப்ரல் முதல் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 40 லட்சம் ரூபாய் மனைக்கு 3,60,000. மாதம் 500 ரூபாய் ரயில் செலவில் ஒருவர் 60 ஆண்டு போய்வரும் தொகை, ஒரே நாளில் பத்திர அலுவலகத்தில் கட்டப்படுகிறது. அப்படி வாங்கிய மனைக்குச் சாலையோ வடிகாலோ எப்போது வரும் என்று பத்திரத்தில் எழுதியிருப்பதில்லை.

நந்திவரம்–கூடுவாஞ்சேரி 2021இல் நகராட்சி ஆனது. அதன் மக்கள்தொகையாக ஏட்டில் உள்ளது 2011 கணக்கெடுப்பின் 44,098தான். அதன்பின் முளைத்த அடுக்குமாடிகளில் குடியேறியவர்கள் அந்த எண்ணுக்குள் இல்லை.

கடைசி 3 கிலோமீட்டரை மறந்துவிடும் வழக்கம் பெரிய திட்டங்களிலும் தெரிகிறது. 2023 டிசம்பர் 30இல் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டது. 88.52 ஏக்கர், செலவு ஏறத்தாழ 394 கோடி ரூபாய். ஜி.எஸ்.டி. சாலையின் மறுபுறம் ரயில் தண்டவாளம் ஓடுகிறது. திறந்த அன்று அங்கே ரயில் நிலையம் இல்லை. ரயிலில் வந்தவர்கள் வண்டலூரிலோ ஊரப்பாக்கத்திலோ இறங்கி, மூட்டையோடும் குழந்தையோடும் மறுபடி பேருந்தோ ஆட்டோவோ தேட வேண்டியிருந்தது.

நான் கேட்பது சிறியது. ஒவ்வொரு நிலையத்திலிருந்தும் உள் நகர்களுக்கு, வண்டி வரும் நேரத்தை ஒட்டி ஒரு சிற்றுந்து, 10 ரூபாய்க் கட்டணத்தில். கணவருக்கு 837 ரூபாய் 500 ஆகும். அது மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் சாதாரணப் பேருந்தாக இருந்தால், 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணமில்லை. மனைவியின் 750 அப்படியே வீட்டில் நிற்கும். இரண்டும் சேர்ந்து மாதம் 1,087 ரூபாய்: ஒரு மாதத்துக் குடிநீர்க் கேன். கடை மூடி, மாம்பலத்தில் 9:45க்கு ஏறுகிறவர் கூடுவாஞ்சேரியில் இறங்க 10:40 ஆகிவிடும். கடைசிப் பேருந்து அதற்குப் பிறகுதான் புறப்பட வேண்டும்.