பெருங்கணிப்பொறிக் கண்காணிப்பில் பயனர் குறிப்புகள்

திருப்பதியிலிருந்து சித்தூருக்குச் செல்லும் சாலையில் காதங்கி என்னும் சிற்றூர் உள்ளது. இங்கு அமைந்துள்ள தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக்கூடத்தில், 130 மீட்டர் நீளமும் 130 மீட்டர் அகலமும் கொண்ட திடலில், வரிசைக்கு 32 வீதம் 32 வரிசைகளாக 1,024 இடங்களில் ஏரியல்கள் நிறுவப்பட்டுள்ளன. 1990-களின் தொடக்கத்தில் பணி தொடங்கிய இந்த ராடார், 53 மெகாஹெர்ட்ஸ் அலைவெண்ணில் ரேடியோத் துடிப்புகளை வானில் செலுத்தி, அங்கிருந்து திரும்பிவரும் மிக நுண்ணிய எதிரொலிகளைக் கொண்டு காற்றின் இயக்கத்தை அளவிடுகிறது. தேசிய எம்.எஸ்.டி. ராடார் நிலையம் என்று முன்னர் வழங்கிய இக்கூடம் 2005-ஆம் ஆண்டில் இப்போதைய பெயரைப் பெற்றது.

ராடார் ஒன்றே, அதைப் பயன்படுத்துவோர் பலர். ஒருவர் பருவமழைக் காலத்தில் வீசும் மேற்காற்றை ஆராய விரும்புவார். மற்றொருவர் 70 கிலோமீட்டர் உயரத்திலுள்ள இடை வளிமண்டலத்தை நோக்குவார். வேறொருவர் அதற்கும் மேலே உள்ள அயனி மண்டலத்தின் கலக்கங்களைக் காண முற்படுவார். இவர்கள் ஒவ்வொருவருக்காகவும் பொறியைப் புதிதாக மாற்றியமைத்தல் இயலாது. ஆகவே, துடிப்பின் நீளம், துடிப்புகளுக்கிடையேயுள்ள காலம், கதிரின் திசை, எந்த உயரம் முதல் எந்த உயரம் வரை பதிவு வேண்டும் என்பன போன்ற விவரங்களை எழுதி, சோதனைக் குறிப்பு என்னும் ஒரு கோப்பாகத் தரும் முறை இங்குக் கையாளப்பட்டது. கட்டுப்பாட்டுக் கணிப்பொறி அக்குறிப்பைப் படித்து, அதன்படி ராடாரை இயக்கும்.

இதன் கணக்கு எளியது. ரேடியோ அலை ஒரு மைக்ரோசெகண்டில், அதாவது ஒரு செகண்டின் பத்து லட்சத்தில் ஒரு பங்கில், சுமார் 300 மீட்டர் செல்லும். போய்த் திரும்ப வேண்டியிருப்பதால், ஒரு மைக்ரோசெகண்டு என்பது 150 மீட்டர் உயரத்தைக் குறிக்கும். எனவே 20 கிலோமீட்டர் உயரத்திலிருந்து எதிரொலி வந்து சேர ஏறக்குறைய 133 மைக்ரோசெகண்டும், 70 கிலோமீட்டரிலிருந்து வந்து சேர ஏறக்குறைய 467 மைக்ரோசெகண்டும் ஆகும். பதிவு 20 கிலோமீட்டரோடு நிற்கட்டும் என்று குறிப்பில் எழுதினால், 70 கிலோமீட்டரில் நிகழ்வது எதுவும் அந்தச் சோதனையில் பதிவாகாது.

பயனர் எழுதிவைக்கும் குறிப்பே அவர் காண்பதையும் காணாததையும் முடிவு செய்கிறது என்பது இதனால் விளங்கும். இதே கருத்து, பெருங்கணிப்பொறிகளைக் கண்காணிக்கும் மென்பொருள்களிலும் வேறொரு வடிவில் அமைந்திருக்கிறது. அதனைச் சற்று விரிவாகக் காண்போம்.

கண்காணிப்பின் தேவை

மெயின்ஃப்ரேம் எனப்படும் பெருங்கணிப்பொறி, ஒரே காலத்தில் நூற்றுக்கணக்கானோருக்கும் ஆயிரக்கணக்கானோருக்கும் பணி செய்யவல்லது. ஐ.பி.எம். நிறுவனம் 1964-இல் அறிவித்த சிஸ்டம் 360 வரிசை இதற்கு வழி வகுத்தது. நம் தென்னாட்டில் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1973-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். 370 வரிசையைச் சேர்ந்த பெருங்கணிப்பொறி ஒன்று நிறுவப்பட்டது. இன்றும் வங்கி, காப்பீடு முதலிய துறைகளில் உலகெங்கும் இத்தகைய பொறிகள் பணியாற்றி வருகின்றன.

பலர் பகிர்ந்துகொள்ளும் பொறியில் ஒருவருடைய வேலை மற்றவருடைய வேலையைத் தடுத்தல் கூடும். நினைவகம் போதாமற்போகலாம், ஒரு கோப்பைப் பெற இரு வேலைகள் காத்து நிற்கலாம், மையச் செயற்பகுதி ஓய்வின்றி இயங்கலாம். இவற்றை அவ்வப்போது அளந்து திரையில் காட்டுவதே கண்காணிப்பு மென்பொருளின் தொழில். 1970-களில் அமெரிக்காவில் தோன்றிய கேண்டில் நிறுவனத்தின் ஓமெகமான் இவ்வகையில் பெயர் பெற்றது. அந்நிறுவனத்தை ஐ.பி.எம். 2004-இல் வாங்கிக்கொண்டது.

பயனர் குறிப்பு என்பது யாது?

கண்காணிப்பு மென்பொருள் அளக்கும் அளவைகள் பற்பல. அவையனைத்தையும் ஒருவர் ஒரே நேரத்தில் பார்த்தல் ஆகாது. வட்டுக்கருவிகளுக்குப் பொறுப்பாளர் காண வேண்டியது ஒன்று. தரவுத்தள அலுவலர் காண வேண்டியது மற்றொன்று. அவரவர் பணிக்கு ஏற்றவாறு திரையை அமைத்து, அந்த அமைப்பைத் தம் பெயரில் சேமித்து வைத்துக்கொள்வதையே ‘புரொஃபைல்’ அல்லது பயனர் குறிப்பு என்கிறோம்.

இக்குறிப்பு மூன்று அடுக்குகளாக அமையும். முதலாவது, மென்பொருளை ஆக்கியோர் தரும் பொதுக் குறிப்பு. இரண்டாவது, அந்தந்த நிலையத்தின் தலைமைப் பொறுப்பாளர் தம் நிலையம் முழுவதற்கும் வகுக்கும் குறிப்பு. மூன்றாவது, தனிப்பயனர் தமக்கென எழுதுவது. ஒரு விவரம் மூன்றாவதில் இருந்தால் அதுவே செல்லும், இல்லையேல் இரண்டாவது, அதிலும் இல்லையேல் முதலாவது.

இங்கு ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. ஒருவர் பொறியில் என்ன செய்யலாம் என்பதை அவருடைய அடையாளப் பெயரும் கடவுச்சொல்லும், 1976-இல் ஐ.பி.எம். வெளியிட்ட ராக்ஃப் போன்ற பாதுகாப்பு ஏற்பாடுகளும் முடிவு செய்கின்றன. அவர் எதை எவ்வாறு பார்ப்பார் என்பதையே கண்காணிப்பிற்குரிய பயனர் குறிப்பு முடிவு செய்கிறது. குறிப்பைத் திருத்துவதால் அதிகாரம் கூடாது.

அமைக்கும் முறை

முதலாவதாக, பயனர் தம் கடமைகளைத் தாளில் எழுதிக்கொள்ளல் நன்று. எந்தக் கேள்விக்கு நான் விடை கூற வேண்டியவன் என்பது தெளிவானால், எந்தத் திரை முதலில் தோன்ற வேண்டும் என்பதும் தெளிவாகும். அடுத்து, திரை எத்தனை செகண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும் என்பதைக் குறிக்க வேண்டும். அளத்தலும் பொறியின் உழைப்பில் ஒரு பகுதியைச் செலவிடுவதாகையால், தேவையின்றி இதனைக் குறுக்குதல் தகாது. பின்னர், ஒவ்வோர் அளவைக்கும் எல்லை அளவு, எல்லை கடந்தால் தோன்றும் நிறம், மணி ஒலிக்க வேண்டுமா என்பவற்றை வகுக்க வேண்டும். இறுதியாக, குறிப்பைத் தம் பெயரில் சேமித்தல் வேண்டும். சேமியாத மாற்றம், பயனர் வெளியேறியதும் மறைந்துவிடும்.

இவற்றுள் அரியது எல்லை அளவை வகுப்பதே. மையச் செயற்பகுதி நூற்றுக்கு 90 பங்கு இயங்கினால் மணி ஒலிக்கட்டும் என்று ஒருவர் எழுதுவதாகக் கொள்வோம். பகலில் பொதுமக்கள் முன் அலுவலர்கள் காத்திருக்கும் வேளையில் அது பயனுள்ள எச்சரிக்கையாகலாம். ஆனால் இரவில் கணக்குத் தொகுப்பு போன்ற பெருவேலைகள் நடைபெறும்போது செயற்பகுதி நூற்றுக்கு நூறு இயங்குதல் குறையன்று. விலையுயர்ந்த பொறி வீணாகக் கிடக்கவில்லை என்பதற்கு அது சான்றாகும். அந்த வேளையில் மணி ஓயாது ஒலிக்கும். இரவுப் பணியாளர் சலிப்புற்று மணியை அடக்கிவிடுவார். மறுநாட்காலை அதே குறிப்புடன் மற்றொருவர் அமர்ந்தால், உண்மையான இடர் நேர்ந்தபோதும் அவருக்கு மணி ஒலிக்காது. பொறியும் மென்பொருளும் பழுதின்றியிருக்க, முதல்நாள் திருத்திய ஒரு குறிப்பினால் கேடு விளைந்துவிடும்.

இதனைத் தவிர்க்க மூன்று விதிகள் உதவும். ஒருவர் குறிப்பை மற்றொருவர் பயன்படுத்தலாகாது. பகலுக்கும் இரவுக்கும் தனித்தனிக் குறிப்புகள் இருத்தல் நலம். புதிய எல்லை அளவை நடைமுறைக்குக் கொண்டுவருமுன் சில நாட்கள் சோதனை நிலையில் வைத்து, எத்தனை முறை எச்சரிக்கை எழுகிறது என்று பார்த்தல் வேண்டும்.

காட்டுதலும் பதிதலும்

காதங்கி ராடாருக்கும் கண்காணிப்புத் திரைக்கும் உள்ள ஒற்றுமையை மேலே கண்டோம். வேற்றுமையும் ஒன்று உண்டு. ராடாரின் சோதனைக் குறிப்பில் விடுபட்ட உயரம் பதிவாவதே இல்லை. அந்த நாளின் காற்றைப் பின்னொரு நாள் அளத்தல் முடியாது. பெருங்கணிப்பொறியிலோ, பயனர் தம் திரையில் மறைத்த செய்தி அழிந்துபோவதில்லை. ஐ.பி.எம். பொறிகளில் எஸ்.எம்.எஃப். எனப்படும் பதிவேற்பாடு, நிலையம் வகுத்த விதிப்படி தனியே நடந்துகொண்டிருக்கிறது. எவர் திரை எவ்வாறிருப்பினும் அப்பதிவு மாறுவதில்லை. பிழை நேர்ந்தபின் காரணம் தேடுவோர்க்கு இதுவே துணை.

களப்பணியாளர்க்கு இது புதிய செய்தியன்று. ஒரு நாளில் 2.5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ மழை பெய்தால்தான் இந்திய வானிலைத் துறையின் கணக்கில் அது மழைநாள் ஆகும். அதனால் 1 மில்லிமீட்டர் மழையைப் பதிவேட்டில் எழுதாமல் விடலாமா? ஆகாது. எல்லை அளவு கணக்குப் பார்க்கும்போது வருவது. பதிவு அதற்கு முன்னரே முழுமையாக இருத்தல் வேண்டும். சித்தூர் மாவட்டம் போன்ற மழை குறைந்த பகுதிகளில் அச்சிறு தூறல்களின் கூட்டுத்தொகையும் பயிருக்குப் பொருள் உடையதாகலாம்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பில் எளிதாக விளக்கலாம். ஒரு மாத மழைப்பதிவை மாணவர்க்குக் கொடுத்து, உழவர், ஏரிக் காவலர், சாலைப் பொறியாளர் ஆகிய மூவருக்கும் தனித்தனி எச்சரிக்கை எல்லைகளை வகுக்கச் சொல்லலாம். ஒரே பதிவிலிருந்து மூன்று வேறு பட்டியல்கள் பிறப்பதை அவர்கள் காண்பர். பிறகு ஒரு பட்டியலை மட்டும் கையில் கொடுத்து, அதிலிருந்து மூலப் பதிவைத் திரும்ப எழுத முடியுமா என்று கேட்க வேண்டும். முடியாது என்பதை மாணவர் தாமே உணர்வர். பயனர் குறிப்பின் பயனும் அதன் வரம்பும் அவ்வளவில் விளங்கிவிடும்.