உங்களுக்குத் தெரியுமா? ஈட்டி மரமும் அவரைக்கு உறவு!

நீலகிரி, ஆனைமலைக் காடுகளில் ஓங்கி நிற்கும் ஈட்டி மரத்தைத் தோதகத்தி என்றும் சொல்வார்கள். தாவரவியல் பெயர் டால்பெர்ஜியா லாட்டிஃபோலியா. நல்ல மண்ணும் மழையும் வாய்த்தால் 40 மீட்டர் வரை வளரும் இந்த மரம், நம் வீட்டுப் பந்தலில் படரும் அவரையின் குடும்பத்தைச் சேர்ந்தது! ஒரே காம்பில் மாறி மாறி அமைந்த வட்டச் சிற்றிலைகள், சின்னஞ்சிறு வெள்ளைப் பூக்கள். காய்கள் தட்டையாக, மெல்லியதாக இருப்பதால் காற்றே விதை பரப்பிவிடும். வேர் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைட்ரஜனை மரத்துக்குத் தருகின்றன. பரவிய வேர்களிலிருந்தே புதுக் கன்றுகள் முளைப்பதும் உண்டு.

மரத்தின் பெருமையெல்லாம் அதன் வைரத்தில், அதாவது உள்மரத்தில்தான். வெளிப்பக்க வெளிர்மரத்தைப் பூச்சி அரித்துவிடும். உள்ளே கருஞ்சிவப்பில், கருவரி ஓடிய வைரத்தைக் கரையான் எளிதில் நெருங்காது. அறுக்கும்போது எழும் மணமோ தனி! கட்டில், பீரோவிலிருந்து கிட்டார் வரை இதற்கு உலகெங்கும் கிராக்கி. அந்தக் கிராக்கியே வினையாகி, மரங்கள் அளவுக்கு மீறி வெட்டப்பட்டன. அதனால் 2017 முதல் டால்பெர்ஜியா இனங்கள் அனைத்தின் பன்னாட்டு வணிகமும், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தை நெறிப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது.