12-ஐ அமுக்கிப் பாருங்க பாஸ்!

பாக்கெட் மணி சேர்த்து யுகுலேலே வாங்கப் போறீங்களா? பெயின்ட்டைப் பார்த்து மயங்கிடாதீங்க. இருக்கிறது நாலே கம்பி: ஜி, சி, இ, ஏ. கடையிலேயே டியூன் பண்ணச் சொல்லி, ஒவ்வொண்ணையும் சும்மா சுண்டுங்க. அப்புறம் 12-வது ஃப்ரெட்டில் அழுத்திச் சுண்டுங்க. அதே ஸ்வரம், ஒரு ஸ்தாயி மேலே கேட்கணும். கேட்கலையா? அப்படியே வெச்சுட்டு நடையைக் கட்டுங்க. எத்தனை மாசம் சாதகம் பண்ணினாலும் அதில் அபஸ்வரம்தான் வரும்!

21 இன்ச் சோப்ரானோதான் விலை கம்மி. தடி விரல் பார்ட்டிகளுக்கு 23 இன்ச் கான்செர்ட். முழு மரப் பலகைக்கு ஆசைப்பட்டு பட்ஜெட்டைக் கிழிக்காதீங்க. ஒழுங்கா செஞ்ச பிளைவுட்டே நல்லா பாடும், ஈரக்காத்தையும் தாங்கும். புது நைலான் கம்பி கொஞ்ச நாள் இளகிட்டேதான் இருக்கும். அதுக்காகக் கடைக்காரர்கிட்ட சண்டைக்குப் போயிடாதீங்க!