கோழிக்குஞ்சும் அத்தையின் மாத்திரையும்

(இரண்டாம் ஆண்டு, விலங்கியல்)

நாமக்கல் வட்டாரத்துக் கோழிப் பண்ணைகளில் மக்காச்சோளம், சோயாப் புண்ணாக்கு இவற்றோடு உயிர்ச்சத்துக் கலவை ஒன்றையும் தீவனத்தில் சேர்ப்பார்கள். அதில் ‘கே’ உயிர்ச்சத்தும் உண்டு. ஏன் என்று நான் கேட்டதில்லை.

1929இல் கோப்பன்ஹேகன் நகரில் ஹென்ரிக் டாம் என்ற அறிஞர் கொழுப்பு நீக்கிய உணவைக் கோழிக்குஞ்சுகளுக்குக் கொடுத்து ஆராய்ந்து வந்தார். குஞ்சுகளின் தோலுக்கடியிலும் தசையிலும் இரத்தம் கசிந்தது. எடுத்த இரத்தம் உறையவும் தாமதமாயிற்று. அந்த உணவில் இல்லாத பொருளுக்கு 1935இல் அவர் இட்ட பெயரே ‘கே’. 1943ஆம் ஆண்டிற்கான மருத்துவ நோபல் பரிசை டாய்சி என்பவருடன் பகிர்ந்து பெற்றார்.

இரத்தம் உறையத் தேவையான புரதங்களுள் நான்கைக் கல்லீரல் செய்து முடிக்க இந்த ‘கே’ வேண்டும். வார்ஃபரின், அசினோகூமரால் ஆகிய மாத்திரைகள் அதனை மறுபடி பயன்படவிடாமல் தடுக்கின்றன. அதாவது, நோயாளியை மருத்துவர் வேண்டுமென்றே அந்தக் கோழிக்குஞ்சின் நிலைக்குப் பாதி தூரம் அழைத்துச் செல்கிறார்! வார்ஃபரின் 1948இல் எலி மருந்தாகவே விற்பனைக்கு வந்தது. 1954இல்தான் மனிதருக்கு அனுமதிக்கப்பட்டது.

என் அத்தைக்கு இதயத்தில் உலோக வால்வு பொருத்தியிருக்கிறார்கள். அதன்மேல் இரத்தம் கட்டிவிடாமலிருக்க ஆயுள் முழுவதும் மாத்திரை. சென்ற ஆண்டு கடலைக்காய் பறிப்பின்போது முழங்கால் வலிக்கு யாரோ சொன்ன மாத்திரையைக் கடையில் வாங்கி நான்கு நாள் விழுங்கினார். வீட்டில் மருந்தட்டையின் ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டத் தெரிந்தவள் நான் ஒருத்தி. நானோ தேர்வுக்காக விடுதியில் இருந்தேன். மலம் கரி போலக் கறுத்துப் போயிற்று. “உடம்புச் சூடு” என்று மோரும் இளநீரும் குடித்திருக்கிறார். மயங்கி விழுந்த பிறகே மருத்துவமனை. இரண்டு பாட்டில் இரத்தம் ஏற்றினார்கள்.

இதில் என்னை வியக்க வைத்தது ஒன்று. உறைதலின் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். எண் நலமான ஒருவருக்கு ஏறத்தாழ 1. உலோக வால்வு உடையவர்களுக்கு, வால்வைப் பொறுத்து, 2 முதல் 3.5 வரை வைத்திருப்பார்கள். அத்தைக்கு அன்று அந்த எண் சரியாகவே இருந்தது! வலி மாத்திரை இரைப்பையின் உட்படலத்தைப் புண்ணாக்கியிருந்தது. தட்டணுக்கள் ஒட்டுவதையும் குறைத்திருந்தது. சாதாரண வயிற்றில் அடைபட்டிருக்கக்கூடிய புண், இங்கே அடைபடாமல் ஒழுகியது.

எண்ணையே ஏற்றிவிடும் மருந்துகளும் உண்டு. வயிற்றுப்போக்குக்கு நாம் எளிதாக வாங்கும் மெட்ரோனிடசோல் அவற்றுள் ஒன்று. கீரையோ எதிர்த் திசையில் இழுக்கும். ‘கே’ மிகுந்த முருங்கைக் கீரையைத் திடீரென்று தினமும் உண்டால் எண் இறங்கும்; தின்றுகொண்டிருந்தவர் அடியோடு விட்டால் ஏறும். அத்தையிடம் மருத்துவர் கீரையை விடச் சொல்லவில்லை, வாரந்தோறும் ஒரே அளவாக உண்ணச் சொன்னார். இடுப்பில் ஊசி போட்டால் தசைக்குள் இரத்தம் கட்டக்கூடும். தலையில் அடிபட்டால், காயமே தெரியாவிட்டாலும், உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

பக்கத்து வீட்டார், “அந்த இதய மாத்திரையைத் தூக்கி எறி” என்றார்களாம். தானாக நிறுத்தினால் வால்வில் கட்டி உண்டாகி, அது மூளைக்குச் சென்று பக்கவாதம் வரலாம். அத்தை எறியவில்லை. இப்போது ஐ.என்.ஆர். குறித்த சிறு நோட்டு அவர் மஞ்சள் பையிலேயே இருக்கிறது. சென்ற மாதம் பல் பிடுங்கப் போனபோது, வாயைத் திறப்பதற்கு முன் நோட்டைத்தான் நீட்டினார்.